ஒன்பது மணிக் கவளம்

…பட்டாணி, பட்டாணி அளவுதான் இருக்கிறது, மூளைக்கு அடியில் சின்னக் காம்பு ஒன்றில் தொங்கிக்கொண்டு, அதனிடம் போய் முப்பத்தொன்பது நாளாக நான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், சுரந்து தொலையேன், இந்தத் தொப்பையைக் கொஞ்சம் கரைத்துத் தொலையேன் என்று, கேட்டால்தானே. கரும்பலகையில் இந்தப் பிட்யூட்டரி சுரப்பியை நான் வரைவது இது இருபத்தாறாவது வருடம், கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், முன் மடல், பின் மடல், அங்கிருந்து அம்புக்குறிகள், ஒன்று கழுத்துச் சுரப்பிக்கு, ஒன்று எலும்புக்கு, ஒன்று கொழுப்புக்கு... இன்றைக்கு அந்தக் கொழுப்புக்குப் போகும் அம்பைச் சுண்ணக்கட்டி உடைகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன். வகுப்பில் அறுபத்தெட்டுப் பேர், பாதிப் பேர் நோன்பு, கொட்டாவி விடுகிறார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள், என் வயிற்றுக்குள் யாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிற சத்தம். மணி என்ன? ஐந்தே முக்கால். எங்கள் ஊரில் மணியை விடியலிலிருந்துதான் எண்ணுவோம், விடிந்து ஐந்தே முக்கால் மணி நேரம்தான் ஆகிறது, ஒன்பதாகாமல் வாயில் எதுவும் படக்கூடாது, தண்ணீர்கூட, அதற்கு மேலும் இறைச்சி இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை, ஈஸ்டர் வரைக்கும் ஐம்பத்தைந்து நாள், பெரிய நோன்பின் சட்டம் அது, இதை அடிஸ் அபாபாவில் எத்தனையோ பேர் முணுமுணுக்காமல் செய்கிறார்கள், நான் ஒருவன்தான் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறேன். ஏன், அவர்கள் கடவுளுக்காகச் செய்கிறார்கள், கடவுள் பெல்ட்டின் ஓட்டையை எண்ணிப் பார்ப்பதில்லை, நான் எண்ணுகிறேன், காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை, இரண்டு வாரமாக அதே மூன்றாவது ஓட்டை.

ரெடியட் கையைத் தூக்கினாள், முதல் பெஞ்சு, எப்போதும் அவள்தான், பசி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை. சார், நேத்து ராத்திரியிலேர்ந்து சாப்பிடாம இருந்தா ரத்தத்துல சர்க்கரை தீந்துடணுமே, ஏன் தீர மாட்டேங்குது, எங்கேர்ந்து வருது, என்று கேட்டாள். நல்ல கேள்வி, மிக நல்ல கேள்வி, வேறு நாளாக இருந்தால் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் சொல்லியிருப்பேன். அடுத்த பாடம், உட்கார், என்றேன். அடுத்த பாடம் இல்லை, இதே பாடம்தான், இதே படம்தான், கல்லீரலுக்குப் போகிற அம்பு ஒன்று பாக்கி இருக்கிறது, அதைப் போட்டால் விளக்க வேண்டும், விளக்கினால் பத்து நிமிடம், மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருக்கிறது... அதுதானா காரணம்? வேறென்ன, அதுதான். அவள் உட்கார்ந்தாள், நோட்டில் கேள்விக்குறி ஒன்றைப் பெரிதாகப் போட்டுக்கொண்டாள், எனக்குக் காட்டவே போட்டாள் என்று தோன்றியது, பசியில் எல்லாம் அப்படித்தான் தோன்றும்.

இந்தக் கூத்தெல்லாம் தொடங்கியது கைபேசியில் வந்த ஒரு காணொளியில், சட்டை போடாத ஒருவன், கழுத்தே இல்லை, தோளிலிருந்து நேராகத் தலை, அவன் சொல்கிறான், பட்டினி கிடந்தால் வளர்ச்சி ஹார்மோன் ஏறுமாம், இரண்டு நாளில் ஐந்து மடங்காம், அது தசையைத் தொடாதாம், கொழுப்பை மட்டும் தேடித் தேடி எரிக்குமாம். சிரித்தேன். இருபத்தாறு வருடம் இதையே சொல்லிக்கொடுத்தவனுக்குச் சட்டையில்லாதவன் பாடம் எடுக்கிறானா என்று புத்தகத்தைப் புரட்டினேன், அவனை மடக்கத்தான் புரட்டினேன், பார்த்தால் அவன் சொன்னது ஏறக்குறைய சரி, அதுதான் வினையாகப் போயிற்று. அவன் தப்பாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் நான் மாத்திரையை விழுங்கிவிட்டு நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆமாம், மாத்திரை... நோன்புக்கு முந்தின வாரம் டாக்டர் ஹிருத் தாளைத் தட்டிக் காட்டினார், வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பதினான்கு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று, சாப்பாட்டோடு, தவறவே கூடாது, அதனால் இந்த வருடம் நோன்பு வேண்டாம், உங்கள் ஆன்மத் தந்தையிடம் போய்ச் சொல்லுங்கள், உடம்புக்கு முடியாதவர்களை அவர் நோன்பிலிருந்து விட்டுவிடுவார், என்றார். எங்கள் வீட்டின் ஆன்மத் தந்தை அபா வெல்தே, எங்கள் பாவங்களைக் கேட்டுக் கேட்டே காது மந்தமான பாதிரியார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், போகவில்லை. டாக்டரிடம், விட்டுவிட்டார் என்றேன். வீட்டில் மனைவி அஸ்கலேயிடம், நோன்பு உடம்புக்கு நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். மாத்திரை அட்டைகளை மேசை இழுப்பறையில் பழைய விடைத்தாள்களுக்கு அடியில் போட்டேன்.

ஏன் இத்தனை பொய், ஒரு பட்டாணிக்காகவா? அந்த மாத்திரை வயிற்றைக் கலக்கும், அறுபத்தெட்டுப் பேருக்கு முன்னால் வயிறு பேசும், நோன்பில்லாத காலத்திலேயே வாரத்தில் மூன்று நாள்தான் அதை விழுங்குவேன். அதற்கும் மேலே, சொல்லிவிடுகிறேன், வெட்கம், ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நடு மதியத்தில் நோயாளி என்று தனியாக உட்கார்ந்து இஞ்செரா அப்பத்தைப் பிய்த்துத் தின்ன வெட்கமாக இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் நோயாளியாவதைவிடப் பக்திமான் ஆவது சுலபம். அண்டை வீட்டுக்காரர்கள் அஸ்கலேயிடம், உன் புருஷன் இந்த வருஷம் ரொம்ப மாறிட்டார், என்கிறார்கள், அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள். சுரப்பி பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன், பார்த்தும் கொண்டதே, போன வாரப் பரிசோதனையில் நூற்று முப்பத்தொன்று. டாக்டர் ஹிருத் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இப்பதான் மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறீங்க, என்றார், நான் சிரித்துக்கொண்டேன், உள்ளுக்குள் என் பட்டாணிக்கு ஒரு சலாம் போட்டேன். சர்க்கரையை இறக்கிவிட்டாய், சரி, தொப்பையை யார் இறக்குவார்கள், முப்பத்தொன்பது நாளுக்கு இரண்டு கிலோ, இரண்டே கிலோ, மூட்டை தூக்குகிறவன் ஒரு வாரத்தில் வேர்த்தே இழந்துவிடுவான்.

பெலாச்சுவைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புவியியல் ஆசிரியன், என் வயது, எனக்கு இருக்கிற அதே சர்க்கரை, அதே மருத்துவமனை, அதே மாத்திரை, மூன்று வருடமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து ரத்தம் கொடுக்கிறோம், கூட்டாளி என்றுதான் என்னைக் கூப்பிடுவான். நோன்பின் முதல் திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்னால் நான் படம் போட்டு விளக்கினேன், கீழே பட்டினி கிடக்கும் மணிகள், மேலே வளர்ச்சி ஹார்மோன் மலை ஏறுகிற மாதிரி ஏறும் கோடு, எல்லோரும் கேட்டார்கள், மறந்தார்கள், அவன் ஒருவன்தான் அதை நோட்டில் வரைந்துகொண்டான். மறுநாளே, நானும் மாத்திரைய நிறுத்திட்டேம்ப்பா, என்றான். போன வாரப் பரிசோதனைக்கும் அவன் வரவில்லை, ஈஸ்டர் முடிந்து மொத்தமாகப் போய் டாக்டரை அசத்துவானாம். அசத்துவான், ஏன் அசத்தமாட்டான், ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறான். நான் இரண்டு, அவன் ஒன்பது, பாடம் நடத்தியவன் இரண்டு, நோட்டில் எழுதிக்கொண்டவன் ஒன்பது, எங்காவது நியாயம் இருக்கிறதா இதில்.

மணியடித்து ஆசிரியர் அறைக்கு வந்தால் அவன் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தான், கால்சட்டையை இடுப்பில் நிறுத்த பெல்ட் போதாமல் பழைய கழுத்துப்பட்டையைக் கயிறாகக் கட்டியிருந்தான், அதைப் பார்த்ததும் என் கை தானாக என் மூன்றாவது ஓட்டைக்குப் போயிற்று. தலையைத் தூக்கினான், பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான், எல்லோருக்கும் முன்னால் மடமடவென்று குடித்தான்.

"ஏம்ப்பா, ஒன்பதே ஆகல, தண்ணி குடிக்கிறியே" என்றேன்.

"கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு கூட்டாளி. நாக்கு மேல போய் ஒட்டிக்குது. காலையிலேர்ந்து இது நாலாவது பாட்டில்."

குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா, அரை மணிக்கு ஒரு தடவை மைதானத்தின் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு ஓடுகிறான், அவன் ஓடும்போதெல்லாம் பக்கத்து வகுப்பை நான் போய் அதட்டிவிட்டு வரவேண்டியிருக்கிறது, என் பாடத்துக்கு நடுவே, பசியோடு. கொழுப்பு கரைந்தால் அது எங்காவது போகத்தானே வேண்டும் என்று போன வாரம் நானே அவனிடம் சொன்னேன், சமாதானத்துக்காகச் சொன்னேனா, தெரிந்து சொன்னேனா? கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், மாட்டினான், மறுபடி துடைத்தான், மூஞ்சி இளைத்ததில் கண்ணாடி இறங்கிவிட்டதாம், வரைபடத்தில் அபாய் நதியே மங்கலாகத் தெரிகிறதாம், பிள்ளைகள்தான் விரலால் தொட்டுக் காட்டினார்களாம். புதுக் கண்ணாடி வாங்கு, என்றேன். எரிச்சல், இளைத்தது போதாதென்று இளைத்ததால் வரும் தொல்லைகளை வேறு என்னிடம் சொல்லிப் பீற்றிக்கொள்கிறான்.

"உன் சுரப்பி எனக்குத்தாம்ப்பா வேலை செய்யுது. வரைஞ்சது நீ, இளைச்சது நான்" என்று சிரித்தான், உதடு வெடித்திருந்தது. அப்புறம், கடைசி வகுப்பைப் பார்த்துக்கொள், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தேவலை போலிருக்கிறது, என்றான். சரி என்பதற்குள் பையை எடுத்துவிட்டான். வாசலில் நின்று திரும்பி, கடைசி வாரம் வியாழக்கிழமையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் இரண்டு பேரும் பச்சைத்தண்ணீர்கூட இல்லாமல் கிடப்பதாகப் பேசியிருக்கிறோமே, மறந்துவிடாதே, அதில் எத்தனை மடங்கு ஏறும், என்று கேட்டான். ஆறு ஏழு இருக்கும், என்றேன். எங்கிருந்து வந்தது அந்த ஆறும் ஏழும், எந்தப் புத்தகத்தில் படித்தேன், எதிலும் இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுப் போனான், நான் அவனுடைய ஒன்பதாம் வகுப்புக்குப் போய் எரிமலைகள் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் சொன்னேன்.

மினிபஸ்ஸில் நான்கு பேர் உட்காரும் இருக்கையில் நான்காவதாக நான். கதவில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துநர்ப் பையன் என்னைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், அண்ணே, மூச்ச கொஞ்சம் உள்ள வாங்கிக்குங்க, இன்னொரு ஆள் ஏறணும், என்றான். பக்கத்தில் இருந்த அம்மாள், நோம்புக்காரரை ஏண்டா வம்புக்கு இழுக்கிற, என்று எனக்காகப் பேசினாள், நோம்பு இருந்தா இப்பிடியாம்மா இருக்கும், என்றான் அவன், வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் மூச்சை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். கேட்டதில் என்ன தப்பு, எனக்கும் அதே கேள்விதான். காரணமும் தெரியாததா, ஒன்பது மணிக்கு அஸ்கலே தட்டை வைப்பாள், வெண்ணெய் இல்லை என்பதற்காக எண்ணெயில் மிதக்கும் ஷிரோக் குழம்பு, பருப்பு, உருளைக்கிழங்கு, சூரியகாந்திப் பால், சர்க்கரை போட்டுப் பிசைந்த வறுத்த பார்லி மாவு, பிறகு காப்பி மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று கரண்டி சர்க்கரை, ஒரு நாளின் பட்டினியை ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கட்டிவிடுகிறேன். முதல் வாயிலேயே இன்சுலின் எழுந்துகொள்ளும், என் பட்டாணி படுத்துக்கொள்ளும். சட்டையில்லாதவன் இதைச் சொன்னானா, சொன்னான், கடைசியில் சொன்னான், நான் கடைசி வரை பார்க்கவில்லை. அதற்காகத்தான் சனி ஞாயிறும் விடாமல் கிடந்தேன், அந்த இரண்டு நாளும் பகலில் பட்டினி வேண்டாம், காலையிலேயே சாப்பிடலாம் என்று திருச்சபையே சொல்கிறது, வேண்டாம் என்று தடுக்கவே செய்கிறது, நான் சபையைவிடக் கெட்டிக்காரன், ஒன்பது வரை கிடந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து தட்டோடு நின்ற அஸ்கலே, பசிக்கலயா, என்று கேட்டாள். பசிக்கல, என்றேன். தட்டை மூடி வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்... ஏன் அப்படிப் பார்த்தாள், அப்போது யோசிக்கவில்லை, இப்போது மட்டும் எதற்கு ஞாபகம் வருகிறது.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். வியாழக்கிழமை, கடைகளுக்குக் கொடுக்க அஸ்கலே இஞ்செரா சுடும் நாள், முற்றத்துக் கொட்டகையிலிருந்து புளித்த மாவின் ஆவி வந்து முகத்தில் அறைந்தது, ஒரு நிமிடம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வந்துட்டியா, கை முழுக்க மாவு, அலமாரியிலேர்ந்து மிளகாய் விழுத எடுத்து வை, என்று உள்ளே இருந்தபடியே சொன்னாள். சமையலறைக்குப் போனேன். வேணாம் வேணாம், நீ உக்காரு, நானே வரேன், என்ற குரல் வந்தது, அதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டிருந்தேன். விழுதுக் கிண்ணம், அதன் பக்கத்தில் ஏலக்காய் இடிக்கிற சின்ன உரல், உரலின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஏலக்காய் வெள்ளையாக இருக்காதே. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருந்தும் வைத்தேன், வாத்தியார் புத்தி. கசந்தது. தெரிந்த கசப்பு, நேற்றுக் கசந்தது, முந்தாநாள் கசந்தது, ஒரு மாதமாகத் தினமும் ஒன்பது மணிக்கு அவள் தன் கையால் என் வாயில் வைக்கும் முதல் குர்ஷா இப்படித்தான் கசக்கிறது. வெந்தயத்த கொட்டிட்டியா, என்று எத்தனை தடவை கேட்டேன், நோம்பு நாக்கு அப்பிடித்தான், என்று எத்தனை தடவை சொன்னாள். உரலை நகர்த்தினால் பின்னால் மாத்திரை அட்டைகள், என் விடைத்தாள்களுக்கு அடியில் கிடக்க வேண்டியவை, குழி குழியாகப் பிதுக்கப்பட்டு, காலியாக, ஒழுங்காக ரப்பர் வளையம் போட்டு.

அவள் வாசலில் நின்றாள், முழங்கை வரை மாவு.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து" என்றாள், குரலில் ஒரு குற்றமும் இல்லை. "ஞாயித்துக்கெழமையும் ஒன்பது வரைக்கும் கெடந்தியே, அதுக்கப்பறம். ஞாயித்துக்கெழமை பட்டினி கெடன்னு எந்தக் கடவுளும் கேக்கல மெஸெலே. அப்பத்தான் இது நோம்பில்லன்னு தெரிஞ்சுது. இழுப்பறையத் தொறந்து பாத்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா? நீ சொல்ற பொய்ய நான் கேக்கணும். அபா வெல்தேகிட்ட போனேன், நீ போகாததுக்கும் சேத்து. ஒரே வார்த்தைல உன்ன விட்டுட்டாரு. இது சரியான்னு அவர்கிட்டயும் கேக்கல, டாக்டர்கிட்டயும் கேக்கல. ரெண்டு மாத்திரையும் ஒண்ணாப் பொடிச்சு விழுதுல கலந்தேன். குர்ஷாவ நீ துப்ப மாட்டன்னு தெரியும்."

துப்பமாட்டேன், யார் துப்புவார்கள், ஒருவர் அன்பாகக் கவளம் உருட்டி வாயில் வைத்தால் அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மென்று விழுங்க வேண்டும், எங்கள் வீட்டில் மட்டுமா, இந்த நாட்டில் எந்த வீட்டில் துப்புவார்கள். கோபம் வந்தது, நன்றாகவே வந்தது, ஆட்டுக்குத் தழையில் மருந்து வைத்துக் கொடுக்கிற மாதிரி எனக்கு, உயிரியல் படித்த எனக்கு, இருபத்தாறு வருடம்... கையில் அட்டைகள் இருந்தன, எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஒரு நாள்கூடத் தவறவில்லை, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன், இப்பதான் ஒழுங்கா சாப்பிடுறீங்க, என்று டாக்டர் ஹிருத் சொன்னது உண்மை, நான் சிரித்தது பொய். அப்படியானால் நூற்று முப்பத்தொன்று? அது என் பட்டாணி இல்லையா? எப்படி இருக்கும், ரெடியட்டுக்குப் போடாமல் விட்ட அம்பு இருக்கிறதே, அந்த வளர்ச்சி ஹார்மோன் கொழுப்பை எரிக்கிற அதே நேரத்தில் இன்சுலினுக்குக் குறுக்கே கையை நீட்டும், சர்க்கரையை வெளியே விடச் சொல்லிக் கல்லீரலைத் தூண்டும், பட்டினியில் மூளை சாகாமல் இருக்க உடம்பு செய்கிற ஏற்பாடு அது, நல்ல உடம்பில் நல்ல ஏற்பாடு, எங்களுடையது போன்ற உடம்பில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், இறக்காது. இது எனக்குத் தெரியாதா? தெரியும், எப்போதும் தெரியும். தேவைப்பட்ட பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். என்னைக் காப்பாற்றியது ஏலக்காய் உரல், எனக்கு அஸ்கலே இருக்கிறாள், எனக்கு...

பெலாச்சுவுக்கு யார் இருக்கிறார்கள்?

யாருமில்லை. மனைவி போய் நான்கு வருடம், மகள் துபாயில், அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடி, மின்தூக்கி கிடையாது, ஒன்பது மணிக்குத் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து தன் கையால்தான் தின்பான், தனக்குத்தானே யாரும் குர்ஷா கொடுத்துக்கொள்ள முடியாது. முப்பத்தெட்டு நாளாக அவன் உடம்பில் ஒரு மாத்திரை இல்லை. நாலு பாட்டில் தண்ணீர், அரை மணிக்கு ஒரு தடவை மைதானத்தின் கோடி, மங்கலான அபாய் நதி, இடுப்பில் கழுத்துப்பட்டை... சர்க்கரை முற்றியதன் அறிகுறிகள் நான்கு எழுதுக, நான்கு மதிப்பெண், வருடா வருடம் நான்தானே கேள்வித்தாளில் போடுகிறேன், தாகம், அடிக்கடி சிறுநீர், கண் மங்கல், உடல் மெலிதல், நான்கையும் அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னான், நான் பொறாமைப்பட்டேன். ஒன்பது கிலோ என்று பொறாமைப்பட்டேன். அந்தத் திங்கட்கிழமை ஆசிரியர் அறைப் பலகையில் கை பழக்கத்தில் கல்லீரலுக்கும் ஒரு அம்பு போட்டுவிட்டேன், அதப் பாத்தா சர்க்கரை ஏறும்னு இருக்கே கூட்டாளி, அது என்ன, என்று கேட்டது பெலாச்சு, வேறு யாருமில்லை. அது வேணாம், கொழப்பும், என்று சட்டைக் கையாலேயே அழித்தேன். அவன் தன் நோட்டில் ரப்பரால் அழித்துக்கொண்டான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கைபேசியை எடுத்தேன், அவனைக் கூப்பிட்டேன், அடித்து அடித்து ஓய்ந்தது. யாருக்கு, என்றாள் அஸ்கலே. பெலாச்சுவுக்கு, அவனும் நிறுத்திட்டான், என்னப் பாத்து, என்றேன், அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை, அவள் முகம் மாறிவிட்டது. கையைக் கழுவினாள், ஆணியில் தொங்கிய வெள்ளைத் துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டாள், செருப்பைக் காலில் மாட்டினாள், பிறகு திரும்பி வந்து இஞ்செராவைக் கிழித்தாள், விழுதைத் தொட்டாள், இந்தத் தடவை எனக்கு முன்னாலேயே உரலின் பொடியைச் சுரண்டிப் போட்டுச் சுருட்டினாள், நீ வழியில விழுந்தா ரெண்டு பேர நான் தூக்க முடியாது, வாயத் தொற, என்றாள். மறுபடி எண்ணை அழுத்திக் காதில் வைத்திருந்தேன், அடித்துக்கொண்டிருந்தது, ஆறாவது தடவை, ஏழாவது தடவை, வாயைத் திறந்தேன், உள்ளங்கை அளவு கவளம், மணி ஒன்பது, எங்கோ தேவாலய மணி அடித்தது.

அப்போதுதான் எடுத்தான். மூச்சு முதலில் வந்தது, நீளமாக, மாடி ஏறி வந்தவனின் மூச்சு, ஆனால் அவன் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. "கூட்டாளி" என்றான், நாக்கு எங்கோ ஒட்டி ஒட்டிப் பிரிந்தது, "படுக்கறதுக்கு முன்னாடி எடை பாத்தேம்ப்பா... இன்னும் ஒரு கிலோ... பத்தாச்சு... நீ சொன்னது நெசம்தாம்ப்பா..." ஏதாவது சொல்லுவேன் என்று அவன் காத்திருந்தான், அந்த மூச்சை நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அஸ்கலே கதவைத் திறந்து பிடித்தபடி, சொல்லு, சொல்லு என்று கையால் காட்டினாள், நான் மென்றுகொண்டிருந்தேன், எவ்வளவு வேகமாக மென்றாலும் இறங்கவில்லை, மிளகாயும் மாவும் கசப்புமாக என் வாய் நிறைய இருந்தது.